வெள்ளி முகமூடியா, நீல முகமூடியா?

மெக்சிகோவில் வீரர்கள் பலர் முகமூடி அணிந்தே மோதும் லூச்சா லிப்ரே மல்யுத்தத்தில் எல் சாந்தோ பெரியவரா, புளூ டீமன் பெரியவரா?

புகழை மட்டும் பார்த்தால் சாந்தோதான். 1942-இல் வெள்ளி முகமூடியோடு மேடை ஏறியவர், ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். படத்திலும் முகமூடியைக் கழற்றவில்லை. காமிக்ஸ் நாயகனாகவும் ஆனார். ஒரு மல்யுத்த வீரர் நாட்டின் அடையாளமாகவே மாறியது அவரால்தான்.

ஆனால் களத்துக்குள் போனால் கதை வேறு. 1952-இல் சாந்தோ, பிளாக் ஷேடோவைத் தோற்கடித்து அவர் முகமூடியைக் கழற்ற வைத்தார். லூச்சா வீரருக்கு அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. பிளாக் ஷேடோவும் புளூ டீமனும் ‘ஷேடோ சகோதரர்கள்’ என்ற பெயரில் ஜோடியாக மோதியவர்கள். ரத்த உறவில்லை, ஆனாலும் டீமன் அதைத் தன் அவமானமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே சாந்தோவை வீழ்த்தி, அவரிடமிருந்த வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பறித்தார். எனக்கு டீமனைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். ரயில்வே வேலையிலிருந்து வந்த மனிதர், நண்பனுக்காக நின்றார்!

அப்புறம் சாந்தோவும் டீமனும் படங்களில் சேர்ந்தே நடித்தார்கள், அது தனிக் கதை.

முகமூடியை இருவருமே களத்தில் இழந்ததில்லை. சாந்தோ 1984-இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு தொலைக்காட்சியில் முகத்தைக் கொஞ்சம் காட்டினார். 2000-இல் இறந்த டீமனோ கடைசிவரை காட்டவே இல்லை. சாந்தோவைப் போலவே முகமூடியோடுதான் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

படம் பார்க்க சாந்தோ. மல்யுத்தம் என்றால் என் ஓட்டு டீமனுக்கு.