கடைக்கு ஏர் கூலரா, ஏசியா?

கத்திரி வெயிலில் தையல் கடைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேல் தகர ஷீட், பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. ஃபேன் சூடான காற்றைத்தான் சுற்றிவிடும்.

கூலரின் கணக்கு எளிது. சுமார் 200 வாட். 8 மணி நேரம் ஓடினாலும் 2 யூனிட்டைத் தொடாது. ஆனால் தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிர்ச்சி தரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாக இடமேது? அதனால்தான் வேலூரின் வறண்ட மதியத்தில் சொர்க்கமாக இருக்கும் கூலர், சென்னையில் கடல்காற்று ஏறியதும் பிசுபிசுப்பைத்தான் கூட்டும். தைக்கிற துணியும் நமத்துப்போகும். இன்னொன்று, கூலர் போட்டால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பலர் ஏசி மாதிரி மூடிவைத்துவிட்டு கூலரைத் திட்டுகிறார்கள்! தினமும் இரண்டு மூன்று குடம் தண்ணீரும் வேண்டும்.

ஒன்றரை டன் ஏசி ஈரத்தையும் இழுத்துவிடும். அதே 8 மணி நேரத்துக்கு 8 முதல் 12 யூனிட் ஆகும். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கடை இணைப்புக்குக் கிடையாது. 18-இல் வைக்காமல் 24-இல் வைத்து ஃபேனையும் போட்டால் பில் கொஞ்சம் இறங்கும். வாடிக்கையாளருக்காக நாள் முழுக்கக் கதவைத் திறந்தே வைக்கும் கடையில் ஏசி வீண்செலவு.

வேலூர், திருச்சி பக்கம் என்றால் நான் கூலர்தான் வாங்குவேன். கடலோரம் என்றால், கதவை மூட முடிந்தால் மட்டும் ஏசி. எதுவானாலும் முதலில் கூரைக்கு வெள்ளையடித்துவிடுங்கள்.