அரியமானா, காரங்காடா? பிள்ளைகளோடு ஒரு நாள்

பரீட்சை லீவு விட்டதும் ராமநாதபுரத்தில் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான்: அரியமான் கடற்கரைக்குப் போகலாமா, கடலோரச் சேற்றில் வளரும் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போகலாமா? இரண்டுக்கும் பிள்ளைகளோடு போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

வழி: அரியமான், ராமேசுவரம் சாலையில் உச்சிப்புளிப் பக்கம். காரங்காடு, தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே.

செலவு: அரியமான் பூங்காவில் ஊஞ்சல், சறுக்கு என்று சும்மாவே பொழுது போகும், காசு கரைவது படகுச் சவாரியில். காரங்காட்டில் படகுதான் எல்லாமே, ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும்.

நிழல்: இதில் அரியமானை அடிக்க ஆளில்லை. சவுக்கு நிழலில் பாயை விரித்து, புளியோதரையைப் பிரித்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மனசு வராது. காரங்காட்டுப் படகில் வெயில் சுள்ளென்று இறங்கும், தொப்பி கட்டாயம்.

ஆனால் காரங்காடு வேறு உலகம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரியை நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டை ஒட்டிப் படகு போகும்போது பாருங்கள், சேற்றில் பென்சில்களை நட்டு வைத்த மாதிரி மூச்சு வேர்கள். "அப்பா, மரத்துக்கு இத்தனை மூக்கா?" என்றாள் என் மகள்.

காற்று: இரண்டுமே பாக் நீரிணைக் கரை. கோடையில் அரியமான் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பினால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஆக, ஓடியாடும் பொடிசுகளும் தாத்தா பாட்டியும் வந்தால் அரியமான். கேள்வி கேட்கிற வயதுப் பிள்ளைகள் என்றால் காரங்காடு. சரி, கிளம்பும் முன் படகு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் போய்ச் சேருங்கள்.