ஷேரிங் டேபா, செக்யூரிட்டி டேபா? கடையின் பொது ஃபோல்டரை எங்கே பூட்டுவது

கம்பம், போடி பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்கிற பல கடைகளில் தனி சர்வர் என்று ஒன்று கிடையாது. பில் போடுகிற கம்ப்யூட்டர்தான் சர்வர். அதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு, மற்ற மூன்று நான்கு கம்ப்யூட்டர்களிலிருந்து திறந்து வேலை பார்ப்பார்கள். புற்றடி ஏலத்தில் எடுத்த சரக்கு விவரம், மலையிலிருந்து இறங்கும் லோடுக்கு இ-வே பில், ஆட்களின் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். சம்பளக் கணக்கைக் குடோன் பையன் பார்க்கக் கூடாது, பழைய பில்லை யாரும் திருத்தக் கூடாது என்று வரும்போதுதான் விண்டோஸில் பூட்டு இரண்டு இடத்தில் இருப்பது தெரியவரும்.

ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராபர்டீஸ் திறந்தால் இரண்டு டேபும் தெரியும். ஒன்று, ஷேரிங் டேபில் அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாகப் போனால் வரும் பர்மிஷன். ரீட், சேஞ்ச், ஃபுல் கன்ட்ரோல் என்று மூன்றே மூன்று. சுலபம். இன்னொன்று, செக்யூரிட்டி டேபில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவின் வழக்கமான ஃபார்மட்) பர்மிஷன். அதில் வகைகள் அதிகம், ஒவ்வொரு உள் ஃபோல்டருக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்தும். குமுளியில் இரண்டு பக்கமும் செக்போஸ்ட் இருக்கிற மாதிரி. ஒரு பக்கம் விட்டாலும் மறுபக்கம் விடாவிட்டால் வண்டி நகராது. 'செக்யூரிட்டியில் மாடிஃபை (திருத்தும் அனுமதி) கொடுத்துட்டேன், இன்னும் சேவ் ஆகலையே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் எவ்ரிஒன் (எல்லோரும்) என்ற பெயருக்குத் தானாக விழுவது ரீட் மட்டும்தான்.

சுலபமாக இருப்பதால் பலர் ஷேரிங் டேபோடு நிறுத்திவிடுகிறார்கள். நம்ம ஊர்க் கடைகளுக்கு அது போதவே போதாது. ஷேர் பர்மிஷன் நெட்வொர்க்கில் வருகிறவரை மட்டும்தான் தடுக்கும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து டி டிரைவைத் திறக்கிறவருக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. பில் போடுகிறவர், அவர் சாப்பிடப் போகும்போது உட்காருகிறவர் என்று எல்லோரும் புழங்குகிற மெஷின் அது. செக்யூரிட்டி டேபில் போட்ட பூட்டு நேரில் வந்தாலும் நெட்வொர்க்கில் வந்தாலும் நிற்கும். அதற்கு ஆளுக்கொரு லாகின் வேண்டும், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டராக இல்லாமல். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் எந்த டேபும் காப்பாற்றாது. டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மட்டில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் செக்யூரிட்டி டேபே வராது.

என் சிபாரிசு இது: ஷேரிங்கில் எவ்ரிஒன்னுக்கு சேஞ்ச் கொடுத்துவிட்டு, உண்மையான கட்டுப்பாட்டை செக்யூரிட்டியில் வையுங்கள். ஃபுல் கன்ட்ரோல் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு ஃபைலை உருவாக்கியவரே அதன் ஓனர் ஆகிவிடுவதால், தன் சீட்டிலிருந்தே அதன் பர்மிஷனை மாற்ற அது வழிவிடும். சேஞ்ச் அந்த வழியை அடைத்துவிடும்.

அடுத்து, ஆள் பெயருக்குக் கொடுப்பதா, க்ரூப்புக்கா? மூன்று பேர் உள்ள கடையிலும் க்ரூப்புதான் நல்லது. கணக்கு, பில், குடோன் என்று மூன்று க்ரூப் போதும். ஆள் மாறினால் க்ரூப்பில் ஒரு பெயரை எடுத்து இன்னொன்றைச் சேர்த்தால் முடிந்தது. ஆள் பெயருக்கே கொடுத்திருந்தால், அவர் போய் லாகினை அழித்த பிறகு ஒவ்வொரு ஃபோல்டரிலும் அவர் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் நிற்கும். அது யாருடையது என்று ஒரு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. விண்டோஸ் ஹோம் எடிஷனில் க்ரூப் உருவாக்கும் திரை இல்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து நெட் லோக்கல்க்ரூப் கட்டளையால் செய்துகொள்ளலாம். புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து வந்தால்தான் அது பலிக்கும், சரியா?

செக்யூரிட்டி டேபில் அனுமதியை மறுக்கும் டினை பெட்டியை மட்டும் தொடாதீர்கள். குடோன் ஆட்களைத் தடுக்க நினைத்து யூசர்ஸ் என்ற க்ரூப்புக்கு டினை போட்டால், கணக்குப்பிள்ளையும் முதலாளியும் அதே க்ரூப்புக்குள் அடக்கம் என்பதால் எல்லோரும் வெளியே நிற்பார்கள். சம்பள ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸை (மேல் ஃபோல்டரின் அனுமதி தானாக இறங்குவதை) நிறுத்தி, யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற வரிகளை எடுத்துவிட்டு, கணக்கு க்ரூப்பை மட்டும் சேர்த்தால் போதும். அனுமதி இல்லாதவருக்கு டினை இல்லாமலே கதவு மூடித்தான் இருக்கும். அப்புறம் அட்வான்ஸ்டுக்குள் எஃபெக்டிவ் ஆக்சஸ் என்ற டேபில் ஒவ்வொருவர் பெயராகப் போட்டுப் பாருங்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று அங்கேயே தெரியும்.

கையில் காசு இருந்தால் சின்னதாக ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். அதன் முன்னால் யாரும் உட்காரப் போவதில்லை, எல்லோரும் நெட்வொர்க்கில்தான் வந்தாக வேண்டும். அங்கே சம்பளத்துக்குத் தனி ஷேர், பில்லுக்குத் தனி ஷேர் என்று பிரித்து, ஷேர் அளவிலேயே பூட்டினாலும் தாங்கும்.