முக அறுவை சிகிச்சைக்குப் போக ஈ.என்.டி. வழியா, பிளாஸ்டிக் சர்ஜரி வழியா?

மூக்கைத் திருத்துவது, முகத்தைச் சீரமைப்பதுதான் தன் வேலை என்று முடிவு செய்துவிட்ட சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி) பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: எம்.எஸ். ஈ.என்.டி. எடுப்பதா, ஜெனரல் சர்ஜரி முடித்து எம்.சிஎச். (எம்.எஸ்.ஸுக்கு மேலான சிறப்புப் பட்டம்) பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போவதா?

வருடக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு இரண்டுக்கும் பொது. பிறகு ஈ.என்.டி. 3 ஆண்டு, அதற்கு மேல் ஃபேஷியல் பிளாஸ்டிக்ஸில் (முகச் சீரமைப்பில்) ஆறு மாதமோ ஒரு வருடமோ ஃபெலோஷிப் என்னும் சிறப்புப் பயிற்சி. இன்னொரு வழியில் ஜெனரல் சர்ஜரி 3 ஆண்டு, நீட் எஸ்.எஸ். நுழைவுத்தேர்வு எழுதி எம்.சிஎச். மேலும் 3 ஆண்டு. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாகச் சேரும் ஆறாண்டு டி.ஆர்.என்.பி. படிப்பும் (தேசியத் தேர்வு வாரியம் தருவது) உண்டு. ஆக, வித்தியாசம் இரண்டு, இரண்டரை வருடம். இதை மட்டும் வைத்து ஈ.என்.டி.யைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

முகத்துக்கான கேஸ் எதுவும் வராத நாளில் என்ன செய்வீர்கள்? ஆரம்ப வருடங்களில் அப்படிப்பட்ட நாட்களே அதிகம். ஈ.என்.டி. ஓ.பி.யில் காதில் சீழ், டான்சில், சைனஸ், தொண்டையில் மாட்டிய மீன் முள், குழந்தை மூக்கில் போட்டுக்கொண்ட புளியங்கொட்டை. பிளாஸ்டிக் சர்ஜரியில் தீக்காயம், மெஷினில் சிக்கிய கை, ஆறாத சர்க்கரைப் புண், நடுராத்திரியில் ஐஸ் பையோடு வந்து சேரும் துண்டான விரல். இந்த இரண்டு பட்டியலில் எதைப் பார்த்தால் உங்களுக்குச் சலிப்பு வரவில்லையோ, அந்தப் பக்கம்தான் உங்களுக்குச் சரி. இன்ஸ்டாகிராமில் வரும் 'முன்-பின்' படங்களை வைத்து எடுத்த முடிவு பத்து வருடம் தாங்காது.

மூக்கைப் பொறுத்தவரை ஈ.என்.டி. பக்கமே என் ஓட்டு. மூக்கின் முதுகில் மேடு இருக்கிறது, அதை இறக்க வேண்டும் என்று ஒரு பெண் வருகிறார். மேட்டைச் செதுக்கி எடுப்பது பெரிய விஷயமில்லை. எடுத்த பிறகு, பக்கவாட்டுக் குருத்தெலும்புகள் பிடிமானம் இல்லாமல் உள்ளே சரியும். மூக்கு படத்தில் அழகாக இருக்கும், ராத்திரி மூச்சு விட முடியாது. அதனால் மூக்கின் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பை எடுத்து, மெல்லிய பட்டைகளாக நறுக்கி, இரண்டு பக்கமும் வைத்துத் தைக்கிறோம். இதற்குப் பெயர் ஸ்ப்ரெடர் கிராஃப்ட். எடுக்கும்போதும் கணக்கு உண்டு: மேலேயும் முன்பக்கமும் எல் வடிவத்தில் ஒரு சென்டிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும். பேராசைப்பட்டு அதிகம் எடுத்தால் மூக்கு நடுவில் குழிந்துவிடும். நடுச்சுவரைத் தினமும் கையாள்பவர் ஈ.என்.டி. மருத்துவர். மூச்சையும் தோற்றத்தையும் ஒரே மேஜையில் சரிசெய்வது அவருக்கு இயல்பாக வரும்.

காதும் முக நரம்பும் அப்படியே. காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியை எடுக்கும்போது முக நரம்பின் ஒவ்வொரு கிளையையும் தேடிப் பிரித்துப் பழகியவர்கள் ஈ.என்.டி.காரர்கள். பாம்படம் போட்டு வளர்த்த காதையும், கனத்த ஜிமிக்கியால் கிழிந்த காதையும் தைத்துக் கொடுப்பது நம் ஊரில் இரு தரப்பும் செய்யும் வேலை. அதில் போட்டி தேவையில்லை.

இனி எதிர்ப்பக்கம். வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையை வெட்டி எடுத்த இடத்தில், காலிலிருந்து ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே முடியைவிட மெல்லிய நூலால் இணைப்பது, தீயில் வெந்து சுருங்கிய கழுத்தை விடுவிப்பது, உதட்டுப்பிளவு, அன்னப்பிளவு: இவற்றையெல்லாம் எம்.சிஎச். மூன்று வருடத்தில் கைபழகக் கற்றுத்தருகிறது. ஒரு வருட ஃபெலோஷிப்பில் இது அத்தனையும் வந்துவிடாது. மூக்கு விஷயத்திலும் ஈ.என்.டி. வழியில் ஒரு குறை இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை அறுத்துக் கெட்டுப்போன மூக்குக்கு நடுச்சுவரில் சரக்கு மிச்சமிருக்காது, விலாக் குருத்தெலும்புதான் வேண்டும். எம்.எஸ். ஈ.என்.டி. படிக்கும்போது நெஞ்சில் கீறி விலாக் குருத்தெலும்பு எடுத்துப் பழகியவர்கள் சொற்பம். கை தவறினால் நுரையீரல் உறை கிழியும்.

'முகம் யாருக்குச் சொந்தம்?' என்ற சண்டை பழையது. நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை என்று சொல்லப்படும் ஹெரால்டு கில்லிஸ் நியூசிலாந்தில் பிறந்த ஈ.என்.டி. மருத்துவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் தனி மருத்துவமனையே திறக்க வைத்தவர். அதற்கு முன்பே, 1887இல், வெளியே தழும்பு தெரியாமல் மூக்குக்கு உள்ளிருந்தே திருத்தும் முறையை எழுதிய ஜான் ஆர்லாண்டோ ரோவும் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த ஈ.என்.டி.காரர்தான். பிளாஸ்டிக் சர்ஜன் நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சீண்டலாம், அவ்வளவுதான். வேலைக்கு அது உதவாது.

உதவுவது காகிதம், அதாவது கையில் இருக்கும் பட்டம். அமெரிக்காவில் ஈ.என்.டி. ரெசிடென்சி (மேற்படிப்புப் பயிற்சி) 5 ஆண்டு, ஃபேஷியல் பிளாஸ்டிக்ஸ் ஃபெலோஷிப் 1 ஆண்டு, அப்புறம் அதற்கென்றே தனி போர்டு தேர்வு. பிளாஸ்டிக் சர்ஜரி நேரடி ரெசிடென்சியும் 6 ஆண்டுதான். காலத்தில் வித்தியாசமே இல்லை, இரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. இங்கே நிலைமை வேறு. எம்.சிஎச். அங்கீகரிக்கப்பட்ட பட்டம், ஃபெலோஷிப்புகளில் பெரும்பாலானவை அப்படியில்லை. கார்ப்பரேட் மருத்துவமனையில் எந்தெந்த ஆபரேஷன் செய்ய உங்களுக்கு அனுமதி என்று குழு உட்கார்ந்து முடிவு செய்யும்போதும், வழக்கு என்று வந்தால் வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலும் இது தலைகாட்டும். ஈ.என்.டி. முடித்தவர் பெயர்ப்பலகையில் 'பிளாஸ்டிக் சர்ஜன்' என்று எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. 'ஈ.என்.டி. மற்றும் மூக்குச் சீரமைப்பு' என்று எழுதினாலே நோயாளி வருவார்.

வருமானத்தில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. அழகுக்கான ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்குத் தரும். ஈ.என்.டி.காரருக்கு ஓ.பி. கூட்டம் முதல் வருடத்திலேயே வாடகையைக் கட்டிவிடும். பிளாஸ்டிக் சர்ஜனுக்குப் பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.வும் குழுவும் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழி: பி.டி.எஸ். முடித்து எம்.டி.எஸ். மேக்ஸிலோஃபேஷியல் (தாடை, முக எலும்பு அறுவை சிகிச்சை). பைக் விபத்தில் உடைந்த தாடை, பல் கடி பொருந்தாத முகவாய் என்றால் நான் அவர்களிடம்தான் அனுப்புவேன்.

ஏற்கெனவே ஈ.என்.டி.யில் சேர்ந்துவிட்டவர்கள் ஃபெலோஷிப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் அங்கே படித்து வெளியே வந்தவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை மூக்கு, விலா எடுக்க விட்டார்களா, கத்தி உங்கள் கையில் இருந்ததா இல்லை ரிட்ராக்டர் (அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) மட்டும்தானா என்று நேராகவே கேளுங்கள்.