மைக்கேல் ஸ்வானின் இலக்கணப் புத்தகம்: பெரம்பூர் மாலை வகுப்பில் பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெரம்பூரில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருகிறவர்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பெண்கள், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப்போகும் நர்ஸுகள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது தானும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று வரும் அம்மாக்கள். இவர்கள் கேட்கிற கேள்விகளுக்காக நான் அதிகம் புரட்டிய புத்தகம் மைக்கேல் ஸ்வான் எழுதிய 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்'. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு, முதல் பதிப்பு 1980. என்னிடம் 2005இல் வந்த மூன்றாம் பதிப்பும் 2016இல் வந்த நான்காம் பதிப்பும் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பு லஸ் கார்னர் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, நான்காம் பதிப்பு நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியது. "இது தேவையா, வீட்டில் இருக்கிற ரென் அண்ட் மார்ட்டின் போதாதா" என்று பலர் கேட்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற புத்தகம் இல்லை. பயிற்சிக் கணக்கு மாதிரி எதுவும் கிடையாது. ரென் அண்ட் மார்ட்டின் 1930களின் புத்தகம். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று வரிசையாகப் பாடம் நடத்தும், பள்ளித் தேர்வுக்கு இன்றைக்கும் உதவும். ரேமண்ட் மர்ஃபியின் நீல அட்டைப் புத்தகமான 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'இல் இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி; தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஸ்வான் எதற்கு என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதோ மெயில் எழுதும்போதோ ஒரு இடத்தில் தடுக்கி நிற்கிறோமே, அந்த இடத்துக்கு. பின்னால் இருக்கிற அட்டவணையில் வார்த்தையைத் தேடி, எண்ணைப் பிடித்துப் போனால், அரைப் பக்கத்தில் பதில் இருக்கும், கூடவே எது தவறு என்பதையும் குறுக்கே கோடு போட்டுக் காட்டியிருப்பார். தவறான வாக்கியத்தைப் பக்கத்திலேயே வைத்துக் காட்டுவதுதான் என் வகுப்பில் சட்டென்று ஏறுகிறது. "அட, நான் இப்படித்தானே சொல்றேன்" என்று பாதிப்பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் இந்தப் புத்தகம் உலகம் முழுவதற்கும் எழுதப்பட்டது. பெரம்பூரில் எழும் கேள்வி தமிழிலிருந்து எழுகிறது. அதனால் நான் செய்வது இதுதான்: யாராவது ஒரு கேள்வியோடு வந்தால், "நீங்க மனசுல நினைச்ச தமிழ் வாக்கியம் என்ன?" என்று முதலில் கேட்பேன். அதை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன். இப்போது என் மூன்றாம் பதிப்பில் ஓரங்கள் நிறையத் தமிழ்தான். அந்த ஓரக் குறிப்புகள் இல்லாமல் இந்தப் புத்தகம் எனக்கு இவ்வளவு பயன்பட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு உதாரணம். ஓஇடி தேர்வில் நர்ஸுகள் ஒரு நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். ஒரு பெண் எழுதியிருந்தார்: "தி பேஷன்ட் ஹேட் வாமிட்டட் டுவைஸ் எஸ்டர்டே". இது ஏன் சரியில்லை என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை, சிவப்பு மையில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "நேத்து ரெண்டு தடவ வாந்தி எடுத்திருந்தாங்க." அங்கேதான் விஷயம் இருக்கிறது. "போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்" என்று நாம் தனியாகச் சொல்லி நிறுத்தலாம், தமிழில் அது முழு வாக்கியம், ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் "ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்" என்று சொன்னால் கேட்பவர் அடுத்ததற்காகக் காத்திருப்பார். போயிருந்தபோது என்ன நடந்தது, எதற்கு முன்னால் போனாய் என்று. 'ஹேட்' வர வேண்டுமானால் கடந்த காலத்தில் இன்னொரு புள்ளி வேண்டும்: "வென் ஐ ரீச்ட் சென்ட்ரல், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்". நான் போய்ச் சேர்ந்தது ஒரு புள்ளி, வண்டி கிளம்பியது அதற்கும் முந்தியது. ஸ்வான் இதைத் தெளிவாகச் சொல்கிறார், எப்போதோ நடந்தது என்பதற்காக மட்டும் இந்த வடிவத்தைப் போடக் கூடாது என்று. ஆனால் 'போயிருந்தேன்' என்ற நம் வழக்கம்தான் இதற்குக் காரணம் என்பதை அவர் சொல்ல முடியாது, அதை நாம்தான் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. தன் பழைய கடிதங்களை எடுத்து ஒவ்வொரு 'ஹேட்'டாக அவரே விசாரிக்க ஆரம்பித்தார்.

இதற்கு நேர்மாறாக, தமிழ் நமக்குக் கைகொடுக்கிற இடங்களும் உண்டு, அதை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனி ஒட்டு இருக்கிறது. "காலையிலிருந்து" என்றால் 'சின்ஸ்', "மூணு மணி நேரமா" என்றால் 'ஃபார்'. அந்த 'ஆக' இன்னொரு வேலையும் செய்கிறது: "பெரம்பூரில் பத்து வருஷம் இருந்தேன்" என்றால் கதை முடிந்தது, ஆங்கிலத்தில் "ஐ லிவ்ட்". "பத்து வருஷமாக இருக்கிறேன்" என்றால் இன்னும் இருக்கிறேன், "ஐ ஹேவ் லிவ்ட்". நம் வாக்கியம் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் முடிவதால்தான் வாய் தானாக "ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று போகிறது. இதைப் பலகையில் இரண்டு வரியாக எழுதிப்போட்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும் பாடம்.

'தான்' இன்னொன்று. "அவன்தான் எடுத்தான்", "நான் இங்கேதான் இருக்கேன்". உடனே "ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்று வருகிறது. ஆங்கிலத்தில் இந்த 'தான்' பெரும்பாலும் குரலின் அழுத்தத்தில் இருக்கிறது, எழுத்தில் "இட் வாஸ் ஹிம் தட் டுக் இட்" என்பதுபோல் வாக்கியத்தைப் பிளந்து காட்டுவார்கள். ஸ்வானில் இந்தப் பிளந்த வாக்கியங்களுக்கு நல்ல பகுதி இருக்கிறது. தலைப்பைப் பார்த்தால் பயமாக இருக்கும், 'தான்' என்று ஓரத்தில் எழுதிவிட்டால் பயம் போய்விடும்.

'எ', 'அன்', 'தி' பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதிகம் வரும் கேள்வியே இதுதான். எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்பது முதல் பாதி: "அன் எம்எல்ஏ", "அன் எம்டிசி பஸ்", ஆனால் "எ யூனியன்", "எ யூரோப்பியன்". இது எளிது. 'தி' கடினம், அதில் ஊர்ப் பெயர்கள் இன்னும் கடினம். நான் சொல்லித்தருவது அடையாறை வைத்து. ஆற்றைச் சொன்னால் "தி அடையாறு", பேட்டையைச் சொன்னால் வெறும் "அடையாறு". "ஐ லிவ் இன் அடையாறு, தி அடையாறு ஃப்ளோஸ் பிஹைண்ட் அவர் ஸ்ட்ரீட்". ஆறுகளுக்கும் கடல்களுக்கும் 'தி' உண்டு, ஊர், தெரு, ரயில் நிலையம் இவற்றுக்கு பொதுவாக இல்லை. "எழும்பூர் ஸ்டேஷன்", "மவுன்ட் ரோடு". ஸ்வானில் இந்தப் பட்டியல் நன்றாகவே இருக்கிறது, உதாரணங்கள் மட்டும் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியவை.

சொற்கள் விஷயத்தில் புத்தகம் இன்னும் பலம். நமக்கு 'சொல்' ஒன்றுதான், அங்கே 'சே', 'டெல்' இரண்டு. 'டெல்' வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே ஆள் வர வேண்டும், "ஷீ டோல்ட் மீ". ஆள் இல்லையென்றால் "ஷீ செட்". உண்மை, பொய், கதை இந்த மூன்றும் 'டெல்' பக்கம். 'பார்' அங்கே 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்று மூன்றாகிறது. "டிஸ்கஸ் அபௌட்" என்று வருவது 'பற்றி' என்ற பழக்கத்தால். "கேன் ஏபிள் டு" என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது நம் பக்கம் மிக அதிகம், ஒன்று போதும். "டெல் மீ வேர் இஸ் தி பேங்க்" என்பதும் அப்படியே, தமிழில் "பேங்க் எங்கே இருக்கு" என்பது "எங்கே இருக்குன்னு சொல்லுங்க" என்றாலும் இடம் மாறுவதில்லை, ஆங்கிலத்தில் 'இஸ்' கடைசிக்குப் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஸ்வானில் பதில் உண்டு.

கிடைக்காத பதில்களும் உண்டு. "நீங்க வீட்டுக்கு எத்தனையாவது பிள்ளை?" இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று ஒவ்வொரு புதுக் குழுவிலும் யாராவது கேட்டுவிடுவார்கள். நேரான சொல் இல்லை. "ஆர் யூ தி எல்டஸ்ட்?" என்று தொடங்கிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதேபோல் இந்திய ஆங்கிலத்தைப் பற்றிப் புத்தகம் பெரிதாகப் பேசுவதில்லை, அதன் கவனம் பிரிட்டிஷ், அமெரிக்க வித்தியாசங்களில்தான். 'பிரிபோன்' (ஒன்றை முன்தேதிக்கு மாற்றுவது) தப்பா என்று கேட்பவர்களை நான் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் இணையப் பதிப்புக்கு அனுப்புகிறேன். அதில் அந்தச் சொல் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இருக்கிறது. தி.நகர் அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம், லண்டன் ஆஸ்பத்திரிக்கு எழுதும்போது வேறு வார்த்தை போட வேண்டும். தப்பு என்று அடித்துவிடுவது நியாயமே இல்லை, யாருக்குப் புரியும் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

தாய்மொழியால் வரும் தடுமாற்றங்களுக்கென்று ஸ்வானே பெர்னார்ட் ஸ்மித்தோடு சேர்ந்து தொகுத்த 'லேர்னர் இங்கிலீஷ்' என்ற நூல் இருக்கிறது, கேம்பிரிட்ஜ் வெளியீடு. எந்தத் தாய்மொழிக்காரர் ஆங்கிலத்தில் எங்கே தடுமாறுவார் என்று மொழிவாரியாகச் சொல்வது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் திராவிட மொழிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆசிரியராக இருப்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில், ஓரளவு படிக்கத் தெரிந்தவருக்கே பிடிபடும். ஆரம்ப நிலையில் இருப்பவர் கையில் கொடுத்தால் மூடி வைத்துவிடுவார், அவர்களுக்கு மர்ஃபியின் சிவப்பு அட்டைப் புத்தகம்தான். பேப்பர்பேக் கனமானது, சென்னை ஈரத்தில் முதுகுப் பசை விட்டுப்போய் என் மூன்றாம் பதிப்பை பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு: மூன்றாம் பதிப்பு முழுக்க அகரவரிசை, வார்த்தை தெரிந்தால் அட்டவணைகூட வேண்டாம், நேராகப் போய்விடலாம். நான்காம் பதிப்பில் இலக்கணத்தைத் தலைப்புவாரியாகப் பிரித்து, சொற்களை மட்டும் பின்னால் அகரவரிசையில் வைத்திருக்கிறார்கள். ஒரு தலைப்பை முழுதாகப் பாடம் நடத்த இது வசதி, வகுப்பின் நடுவில் அவசரமாகத் தேட பழையதே எனக்கு வசதி. புதிதாக வாங்குபவர் நான்காவதையே வாங்குங்கள், இப்போதைய வழக்கு அதில்தான் இருக்கிறது. ஓரத்தில் எழுத இடம் கொஞ்சம் குறைவு, ஒட்டுகிற தாள் ஒரு கட்டு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.