பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் – பதறாதவருக்கான விளையாட்டு

ஆர்க்கம் அசைலம் என்ற வீடியோ விளையாட்டு 2009 ஆகஸ்டில் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3), எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு வெளிவந்தபோது என்னிடம் அவ்விரண்டில் எதுவும் இல்லை. அண்மையில் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்தில் படிக்கும் என் அக்காள் மகன் பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர், செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் வந்து தங்கவிருந்தான். அவனோடு சேர்ந்து விளையாட ஏதாவது வாங்கலாம் என்று புக்கிட் பிந்தாங் பக்கம் போய், பழைய டிஸ்க் விற்கும் ஒரு சிறு கடையில் 45 வெள்ளிக்கு ‘ரிட்டர்ன் டு ஆர்க்கம்’ தொகுப்பை எடுத்து வந்தேன். 2016-இல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்காகப் புதுப்பிக்கப்பட்ட இத்தொகுப்பில் அசைலமும் அதன் அடுத்த பாகமான ஆர்க்கம் சிட்டியும் அடங்கும். நான் இங்கே எழுதுவது அசைலத்தைப் பற்றி மட்டுமே.

கதையை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பிடிபட்ட தன் பரம எதிரி ஜோக்கரைப் பேட்மேன் ஒரு தீவில் உள்ள மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுவருகிறார். அவன் பிடிபட்டதே ஒரு திட்டம் என்பது சற்று நேரத்தில் தெரியவருகிறது. காப்பகம் முழுவதும் அவன் கைக்குப் போகிறது. ஒரே இரவில், ஒரே தீவுக்குள் எல்லாம் நடந்து முடிகிறது. லண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி நிறுவனம் தீவை அளவோடு கட்டியிருப்பதால் இரண்டு மூன்று நாளிலேயே எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது.

பிஎஸ்4 கண்ட்ரோலரில் சண்டைக்கு முதன்மையானவை மூன்று பொத்தான்கள். சதுரம் அடிக்கும், முக்கோணம் தடுத்துத் திருப்பி அடிக்கும், வட்டம் மேலங்கியை வீசி எதிரியைத் திணறடிக்கும். அடிக்க வருபவனின் தலைக்கு மேல் மின்னல் கீற்றுப் போன்ற ஒரு குறி தோன்றும் நொடியில் முக்கோணத்தை அழுத்த வேண்டும். கத்தி வைத்திருப்பவனை முதலில் மேலங்கியால் திணறடிக்க வேண்டும். மின்தடி ஏந்தியவனை முன்னால் நின்று தாக்காமல் அவன் தலைக்கு மேல் தாவிப் பின்புறத்திலிருந்து அடிக்க வேண்டும். அடி வாங்காமலும் இடைவெளி விடாமலும் தொடர்ந்து எட்டு அடி அடித்துவிட்டால், வட்டத்தையும் முக்கோணத்தையும் சேர்த்து அழுத்தி ஒருவனை ஒரேயடியாகச் சாய்த்துவிடலாம். இவ்வளவுதான் விதிகள். ஆனால் பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது இந்த எளிய விதிகளை நினைவில் வைத்து நிற்பது எளிதல்ல.

என் மருமகன் முதல் இரண்டு நாளும் சதுரத்தை மட்டும் படபடவென்று அழுத்தித் தள்ளினான்; நான்காவது ஆளுக்கு மேல் அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நான் சிறு வயதில் செந்தூலில் சிலம்பம் பழகியவன். கம்பு நம் மேல் விழுவதற்கு முன்பே எதிராளியின் தோள் அதைச் சொல்லிவிடும் என்றும், கம்பைப் பார்க்காமல் தோளைப் பார்க்க வேண்டும் என்றும் எங்கள் ஆசான் ஓயாமல் கூறுவார். அதை அவனிடம் சொன்னேன். அடிக்க வேண்டியவனை விட்டுவிட்டு, அடிக்க வரப்போகிறவனைப் பார்க்கத் தொடங்கியதும் அவன் ஆட்டமே மாறியது. ஓர் அடி, ஒரு தடுப்பு, இரண்டு அடி, ஒரு தாவல் என்று அவன் விரல்கள் தாளத்துக்கு வந்ததை நான் அருகிலிருந்து கேட்கவே முடிந்தது. பொத்தான் சத்தம் அவ்வளவு சீராக இருந்தது. கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் அந்த மின்னல் குறி தோன்றாது. அப்போது உண்மையாகவே எதிரிகளின் உடலசைவை மட்டும் நம்பித்தான் ஆட வேண்டும். சண்டைப் பயிற்சி பெற்ற எவருக்கும் அந்த நிலையையே பரிந்துரைப்பேன்.

இடையில் ஒரு தொல்லை நேர்ந்தது. மருமகனுக்கென்று வேறோர் இடத்தில் வாங்கிய பழைய கண்ட்ரோலரில் முக்கோணப் பொத்தான் அழுந்தியபின் சில சமயம் மேலே எழும்பவில்லை. தடுக்கத் தெரியவில்லையே என்று பையன் மூன்று நாள் தன்னையே நொந்துகொண்டான். இந்த விளையாட்டுக்காகப் பழைய கண்ட்ரோலர் வாங்குபவர்கள் அந்த ஒரு பொத்தானைக் கடையிலேயே நூறு முறையாவது அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

என் மனம் முழுமையாக ஈடுபட்டது மறைந்து தாக்கும் பகுதிகளில்தான். துப்பாக்கி ஏந்திய ஆட்கள் காவல் காக்கும் கூடங்களில் நேருக்கு நேர் போனால் சில நொடிகளில் உயிர் போய்விடும். கூரையோரம் வரிசையாகக் கற்சிலைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன; கோயில் தூண்களில் நாம் பார்க்கும் யாளியின் முகம் அவற்றுக்கு. கயிற்றை எய்து அவற்றின் மேல் ஏறி அமர்ந்துகொண்டு, கீழே யார் தனியாகப் பிரிந்து போகிறான் என்று உறுமீனுக்காகக் காத்திருக்கும் கொக்கைப் போலக் காத்திருக்க வேண்டும். ஒரு முறை ஆறு பேர் இருந்த கூடத்தில் முதல் ஆளைச் சிலையிலிருந்து தலைகீழாக இறங்கிப் பிடித்துக் கட்டித் தொங்கவிட்டேன். அலறல் கேட்டு இருவர் ஓடிவந்து அவனுக்குக் கீழே நின்று மேலே பார்த்தார்கள். எதிர்ப்பக்கச் சிலையிலிருந்து பேட்டராங்கை (பேட்மேனின் வௌவால் வடிவ எறிகருவி) வீசிக் கயிற்றை அறுத்தேன். தொங்கியவன் அவர்கள் நடுவே விழுந்தான்; அந்த இருவரும் நடுநடுங்கித் திரும்பித் திரும்பிச் சுடத் தொடங்கினார்கள். துப்பறியும் பார்வையை இயக்கிப் பார்த்தால் ஒவ்வொருவனும் அமைதியாக இருக்கிறானா, கலங்கியிருக்கிறானா, மிரண்டு போயிருக்கிறானா என்பதும் அவன் இதயத் துடிப்பும் திரையில் தெரியும். பேட்மேன் என்ற பாத்திரத்தின் வலிமை அவர் எதிரியின் மனத்தில் விதைக்கும் அச்சத்தில் இருக்கிறது என்பதை இந்தக் கூடங்கள் விளையாடுபவரின் கையாலேயே உணரவைக்கின்றன.

போகப் போக ஜோக்கர் அந்தக் கற்சிலைகளில் வெடிகுண்டு வைத்துவிடுகிறான். அதுவரை நமக்கு அடைக்கலமாக இருந்த இடமே நம்மைக் கொல்லும் என்று ஆனதும் தரைக்கடியில் உள்ள காற்றுக்குழாய்களையும் சுவர் மூலைகளையும் தேட வேண்டியதாகிறது. பழகிப்போன உத்தியை இப்படிப் பறித்து, இனி என்ன செய்வாய் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. துப்பறியும் பார்வை சுவர்களையும் ஊடுருவி எதிரிகளை எலும்புக்கூடாகக் காட்டுவதால் அதை அணைக்கவே மனம் வருவதில்லை. பாதி விளையாட்டை எலும்புக்கூடுகளைப் பார்த்தபடியே கடந்துவிட நேர்கிறது. ஒரு கட்டத்தில் நான் வலிந்து அதை அணைத்துவிட்டுத் தாவரவியல் கூடத்தினுள் நடந்தபோதுதான் அங்கிருந்த இரும்பு வளைவுகளும் கண்ணாடிக் கூரையும் கண்ணில் பட்டன. பெருவில்லன்களுடனான மோதல்களும் ஏமாற்றமளிக்கின்றன. டைட்டன் என்ற, உடலைப் பெருக்கும் மருந்து ஏறிய பூத உடல்காரர்கள் பாய்ந்துவரும்போது பேட்டராங்கை எறிந்து, விலகி, சுவரில் மோதவிடும் அதே உத்தி திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற இடங்களில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் இறுதிச் சண்டையையும் சாதாரணமாகவே முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்கேர்குரோ என்ற வில்லன் வரும் காட்சிகள் இதற்கு நேர்மாறு. அவனுடைய நச்சுப்புகை பேட்மேனின் மனத்தைக் கலக்கும் மூன்று இடங்களில் விளையாட்டு தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது. மூன்றாவது இடத்தில் என் பிஎஸ்4 பழுதாகிவிட்டது என்றே எண்ணி எழுந்துபோய்க் கம்பியைச் சோதித்தேன். அதற்கு மேல் சொன்னால் புதிதாக விளையாடுபவரின் அனுபவத்தைக் கெடுத்தவனாவேன்.

பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். ஜோக்கராக மார்க் ஹேமில் ஒலிபெருக்கியில் ஏளனம் செய்யும்போதெல்லாம் கான்ராய் குரலை உயர்த்தாமலே பதில் சொல்வார். பதற்றமில்லாத அந்தக் குரல்தான் இந்த விளையாட்டின் முதுகெலும்பு. புதுப்பித்த பதிப்பில் ஒளி கூட்டப்பட்டிருப்பதால் சில இருண்ட கூடங்கள் அச்சுறுத்தும் தன்மையை இழந்திருக்கின்றன, ஆனால் குரல்களுக்கு எந்தக் குறைவும் வரவில்லை. வசன எழுத்துகள் சிறியவை என்பதால் தொலைக்காட்சிக்குச் சற்று அருகில் அமர வேண்டும்.

அமெரிக்கத் தர அமைப்பு இதைப் பதின்ம வயதினருக்கு உரியதாக வகைப்படுத்தியிருக்கிறது. நோயாளிகளின் நேர்காணல் ஒலிப்பதிவுகள் மனத்தை உலுக்கக்கூடியவை என்பதால், பத்து வயதுப் பிள்ளையிடம் இதைத் தனியாகக் கொடுக்க மாட்டேன். மூன்று வாரங்கள் இரவு உணவுக்குப் பின் ஆடிக் கதையை முடித்தோம். ரிட்லர் என்ற புதிர்ப்பித்துப் பிடித்த வில்லன் தீவெங்கும் ஒளித்து வைத்திருக்கும் 240 புதிர்களில் 31 இன்னும் மீதி இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு வரும்வரை அவற்றைத் தொடக்கூடாது என்று மருமகன் என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். டிஸ்க் அதன் உறையிலேயே இருக்கிறது.