தோப்புக் கொட்டகையில் நின்ற 206

மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து கடலூர் வந்தபோது எனக்கு இருந்தது ஒரே வேலை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்புக் கொட்டகையில் நிற்கும் அப்பாவின் டாடா மொபைல் 206 பிக்கப்பை விற்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. ஏற்றுவதற்குப் பழமில்லை, அப்பா வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுத் தார்ப்பாய் போட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. 2019இல் அவரும் போய்விட்டார்.

மெக்கானிக் முதுநகரிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். புது பேட்டரியோடு நின்ற என்னிடம், "தம்பி, சாவியத் தொடாதீங்க" என்றார். ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே முந்திரிச் சருகும் ஒயர்த் துணுக்குமாக ஒரு எலிக்கூடு. டேங்கிலிருந்து இறக்கிய டீசல் வார்னிஷ் மாதிரி நாறியது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஸ்பேனரை மாட்டி எஞ்சினைக் கையாலேயே சுற்றினார். பாதியில் இறுகியது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, முழுச் சுற்று வந்த பிறகுதான் பேட்டரியைக் கேட்டார். பின்பக்க பிரேக் டிரம் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்ததில் ஒரு நாள் போனது. மறுநாள் சாயங்காலம் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, வண்டி உறுமியது.

"மாமா, இது வின்டேஜ், லட்சக்கணக்குல போகும்" என்றான் அக்கா பையன். போகாது. 2021இல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு ஐம்பது வயது தாண்டிய டூவீலருக்கும் காருக்கும்தான். எங்களுடையது சரக்கு வண்டி, வயதும் போதாது.

வண்டி இரண்டு நாளில் எழுந்துவிட்டது, பேப்பர்தான் எழவில்லை. ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, அப்பா பெயரில். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாதே. முதலில் படிவம் 31 கொடுத்து அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் விற்பனைக்கான 29, 30. பழைய ஆர்.சி. கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்பதால் பேக்லாக் பதிவு தனி. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று செத்துப் பல வருஷம். வண்டி ஓடவில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் அப்போதே எழுதிக் கொடுக்காததால் வரிப் பாக்கி வேறு. ஒரு புரோக்கர் எல்லாவற்றையும் 'பேசி' முடிக்க அவன் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னான், கும்பிட்டுவிட்டு வந்தேன். பேங்க் வேலைக்காக அப்பா போனபோதே வாங்கிய வாரிசுச் சான்றிதழ் பீரோவில் இருந்ததால் தப்பித்தேன். அது இல்லாதவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள்.

காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். பாகூர்க்காரர் ஒருவர் அதைவிட நல்ல விலை சொன்னார். ஆனால் புதுச்சேரிப் பதிவுக்கு மாற்ற படிவம் 28, தடையில்லாச் சான்று என்று இன்னொரு சுற்று. அதனால் ஐயாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று குறிஞ்சிப்பாடி விவசாயி ஒருவருக்கே பேசி முடித்தேன். பாதிப் பணம் கையில், மீதி பெயர் மாறியதும். அலைவதெல்லாம் அக்காதான்.

நான் சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். வண்டி இன்னும் கொட்டகையில்தான். அந்த விவசாயி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கால் மணி நேரம் ஸ்டார்ட்டில் விட்டுவிட்டுப் போகிறாராம். அம்மா காபி போட்டு வைக்கிறாராம்.